கழுவியாச்சு அண்ணே

ஆய்வுக்கூடக் குடுவைகளை ஒட்டும் கண்ணாடி ஊதுகிற தொழிலில், குடுவையை நெருப்பில் காட்டிக்கொண்டே அதில் செருகிய ரப்பர் குழாயின் மறுமுனையை நம் வாயில் வைத்து ஊத வேண்டும். அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பது கொண்டுவந்தவருக்குத்தான் வெளிச்சம். அடுத்தவர் பேச்சை நம்பிப் பிழைக்கிறவர் யாருக்கும் என் பாடு புரியும். கண்ணும் மூச்சும் இருக்கிறவரைதான் எனக்குச் சோறு. எங்கள் தீவில் லம்பா லைன் பகுதியில்தான் பட்டறை. உடைந்ததை மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

பார்த்தால் தெரியாது

கண்ணாடி கொதித்தாலும் ஆறினாலும் பார்வைக்கு ஒன்றுதான். வங்காளிப் பேராசிரியை ஒருவர், நான் அப்போதுதான் ஒட்டி வைத்த குழாயைச் சட்டென்று கையில் எடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குழாய் தரையில் சுக்குநூறு, அவர் விரல்கள் என் தண்ணீர் வாளியில். அவருக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம். இந்தியில் கேட்டார்: "கெமிஸ்ட்ரி சொல்லித்தர்றவ நான். சூடுன்னா சிவப்பா இருக்க வேண்டாமா, பாய்?"

உள்ளும் புறமும்

மரியதாஸ் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர், தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அவர் ஒரு விரிசல் குடுவையை நீட்டி, "கழுவியாச்சுண்ணே, பக்கா" என்றபோது மறுபேச்சு பேசாமல் ஊதினேன்.

அடுத்த மூச்சை இழுத்ததும் மூக்கும் தொண்டையும் பற்றி எரிந்தன. இருமி இருமிச் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். மீனை ஊறவைக்கிற ஃபார்மலின் இருந்த குடுவையாம். மரியதாஸ் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உள்ள கை போகலண்ணே. வெளிய பூரா தேய்ச்சுத்தான் கழுவுனேன்."

சீட்டு

அன்றே பலகை மாட்டினேன்: உள்ளே என்ன இருந்தது என்று எழுதிக் கொடுக்காமல் எதையும் தொட மாட்டேன்.

அடுத்த மாதம் மரியதாஸ் இரட்டைச் சுவர்க் குடுவை ஒன்றோடு வந்தார். வெளிச்சுவரில் மயிரிழைக் கீறல். சீட்டில் அழகான கையெழுத்து: 'தண்ணீர் மட்டும்.' அப்பாடா என்றிருந்தது. கழுவும்போது கீறல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இறங்கியிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கீறலை நெருப்பில் உருக்கி மூடினேன். போக வழியில்லாமல் உள்ளே ஆவியான தண்ணீர் குடுவையை வெடித்துச் சிதறடித்தது. ஒரு சில்லு என் பாதுகாப்புக் கண்ணாடியில், இடது கண்ணுக்கு நேராகக் குத்தி நின்றது. அதைக் கழற்றிப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள என்னதான்யா இருந்துச்சு?" என்று கத்தினேன். மரியதாஸ் சிதறிய சில்லுகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சீட்டைப் பொறுக்கி, தூசி தட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். "தண்ணிதாண்ணே. நான்தான் தெளிவா எழுதிக் குடுத்தேனே."

இப்போது பலகையைக் கழற்றிவிட்டேன். வருகிறவர் அரிச்சந்திரனே ஆனாலும் குடுவையை நானே கழுவி, நானே காயவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் குழாயில் வாய் வைக்கிறேன்.