செக் வேறு, வெரிஃபை வேறு

மறைமலைநகர்க் கம்பெனியில் ரெபேக்காளைத் தவிர வேறு யாரும் அந்த இரண்டு சொற்களையும் இரண்டாக நினைத்ததில்லை. பிரேக் பாகங்களின் துளை சரியா என்று கேஜ் என்னும் அளவுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பது அவள் வேலை. தாளில் இரண்டு கட்டம்: செக், வெரிஃபை. செக் என்றால் வேலை பார்த்தவரே அளப்பது. வெரிஃபை என்றால் இன்னொருவர் வேறொரு கேஜை எடுத்து, முதல் ஆள் அளந்தது மெய்தானா என்று பார்ப்பது. ஆனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டால் ஒரே கை இரண்டிலும் கையெழுத்துக் கிறுக்கிவிட்டு ஓடும். ஊரோடு ஒத்து வாழ் என்பது சோம்பேறிகளுக்கு எவ்வளவு வசதியான பழமொழி!

அன்றும் ஹாரன் அடித்தது. "அக்கா, ரெண்டுலயும் போட்டுட்டு வா, பஸ்ஸு கெளம்பிகினு கீது" என்று பக்கத்து மிஷின் ரமேஷ் கத்தினான்.

"நான் அளந்தத நானே எப்பிடிடா வெரிஃபை பண்றது? நான் இன்னா ரெண்டு ஆளா?"

செக்கில் மட்டும் கையெழுத்திட்டாள். அடுத்த கட்டத்தில் 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதிவைத்தாள்.

பத்தாம் நாள், அன்று அவள் அளந்த முந்நூறு பாகங்கள் திரும்பி வந்தன. போல்ட் நுழையவில்லையாம். மேனேஜர் தமிழ்வாணன் ரெபேக்காளைக் கூப்பிட்டனுப்பினார். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மேசைமேல் அவளுடைய கேஜ் கிடந்தது. தேய்ந்து போயிருந்தது. இறுக்கமான துளைகளிலும் சுகமாகப் போய்வந்திருக்கிறது.

"நீ அளந்தது தப்பும்மா" என்றார்.

"ஆமா சார்" என்றாள்.

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "வேற ஆள் வேற கேஜ்ல பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கலன்னு நீதான் எழுதி வச்சிருக்க. மத்த தாள்லல்லாம் ஒரே கையெழுத்து ரெண்டு தடவ கீது. இதப் படிக்காம லாரில ஏத்தினது எங்க தப்பு." தாளை மேசைமேல் வைத்தார். "மேலிடத்துல உன் பேர பர்மனென்ட் லிஸ்ட்லேந்து எடுக்கச் சொன்னாங்க. இந்தத் தாளக் காட்டினேன். வாய மூடிக்கினாங்க."

வெளியே வந்து கணவன் பெஞ்சமினுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததுமே அழுகைதான் வந்தது.

"இன்னாம்மே, வேலையவுட்டுத் தூக்கிட்டாங்களா?" அவன் பதறினான்.

"இல்லய்யா." முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் தப்பாத்தான் அளந்துட்டேன். ஆனா வேல கீதுய்யா."