மலை வேடத்தில் நின்றபடி ஒரு படம்

என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். எங்கள் வீட்டில் அதை ஒரு வியாதி போலத்தான் பேசுவார்கள். வரன் பார்ப்பதற்காகத் தரகரிடம் போன என் படங்கள் எல்லாவற்றிலும் நான் உட்கார்ந்திருப்பேன். எடுத்தது அண்ணன். மதுரை காளவாசலில் அவனுக்கு ஸ்டூடியோ, கல்யாணப் படங்களில் கைதேர்ந்தவன். நெட்டைப் பெண்ணா, நாற்காலியைப் போடு என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், நான் காபித் தட்டோடு எழுந்து நிற்பேன், காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனாலேயே ஒரு படமாவது நின்றபடி, முழு உயரத்துக்கும் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கொரு வெறி. மதுரையில் காஸ்பிளே விழா நடக்கிறது, கற்பனை வேடம் கட்டி வரலாம் என்று கேள்விப்பட்டதும் முடிவு செய்துவிட்டேன். திருப்பரங்குன்றத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு எதிரே மலை, முழுசும் பாறை. அது எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் என் வேடம். ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, தோள்கவசமும் மார்க்கவசமும் இரண்டு கொம்பு வைத்த கிரீடமும் செய்தேன். சாம்பல் வண்ணத்தைப் பஞ்சால் ஒற்ற ஒற்ற, ரப்பர் வாசனை அடித்த அந்தத் துண்டுகள் கல்லாகவே மாறின. செய்த நானே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

விழா பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மகாலில். மணமகள் அறையில் வேடம் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், கழுத்து வரைதான் தெரிகிறது. மிரண்டுதான் போனேன். வெளியே வந்ததும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. டவுன் பஸ்ஸில் எனக்கு ஒருத்தரும் இப்படி விலகியதில்லை.

கேமராவோடு காத்திருந்த அண்ணன் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு கையைப் பிடித்து நேராக மேடைக்குக் கூட்டிப்போனான். முந்தின நாள் கல்யாணத்துச் சிவப்பு சோபா இன்னும் அங்கேயே கிடந்தது.

"உக்காரு பாப்பா. தலைய லேசாக் குனி. சிரி."

நானும் உட்கார்ந்துவிட்டேன், பாருங்கள். பழக்க தோஷம். நாலைந்து படம் எடுத்துக் காட்டினான். கொம்பு முளைத்த கல்யாணப் பெண். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"ஏண்ணே, மலையப் போயி எவனாச்சும் சோபாவுல உக்கார வப்பானா?"

"நின்னா ஃபிரேமுக்குள்ள அடங்க மாட்டேங்கிறயே தாயி."

"அடங்காட்டிப் போகுது. நீ கீழ எறங்கி எடு."

சொல்லிவிட்டு எழுந்தேன். முதுகை நிமிர்த்தவே தனியாகக் கஷ்டப்பட வேண்டியிருந்தது. அவன் மேடையை விட்டு இறங்கி, தும்பைப்பூ வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தான். கேமராவைக் கண்ணில் வைத்தவன் வைத்தபடியே கிடந்தான். கிளிக் சத்தமே கேட்கவில்லை.

"என்னண்ணே, பேட்டரி போச்சா?"

"இல்ல பாப்பா. நீ இம்புட்டுப் பெருசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அசையாம நில்லு."

எடுத்தான். கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தேன். மகாலின் கூரை விளக்குகள் கொம்புகளுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்தன. தோள் தோளாக இல்லை, திருப்பரங்குன்றத்தின் சரிவு. அது நான்தான் என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆனது. இந்த உடம்பையா இத்தனை வருஷம் மடக்கி மடக்கி வைத்திருந்தேன்?

வேடத்தைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அண்ணனுக்குப் போன். புதிதாக ஒரு வரன், தரகர் உடனே படம் கேட்கிறாராம். அண்ணன் போனில் என் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். எதிலும் விரல் நிற்கவில்லை. கடைசியில், அன்று எடுத்த படத்தைப் போனுக்கு மாற்றி என்னிடம் நீட்டினான்.

"இதயே அனுப்பவா?"

"அம்மா கொன்னே போடும்ண்ணே."

"அந்தத் திட்ட நான் வாங்கிக்கிறேன்," என்றான். "இதப் பாத்துட்டும் வாரேங்கிறவன் வரட்டும்."