மைக்காரர் வீட்டம்மா பேசிய மூன்று நிமிடம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவருக்கும் உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. நகராட்சிக் கட்டடத்தில் வாசல் காவலாளியிலிருந்து தலைவர் வரைக்கும் அவரை மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கூட்ட அரங்கில் ஒரு பெரிய தூண். அதற்குப் பின்னால் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த மேசை, மேசை மேல் ஒலிப்பெட்டி. கவுன்சிலர் ஒவ்வொருவருக்கும் ஒரு விசை, பொதுமக்கள் வந்து பேசும் ஸ்டாண்ட் மைக்குக்கு ஒரு விசை. மேலே தள்ளினால் சத்தம் கூடும், அடியோடு இறக்கினால் மைக் ஊமையாகிவிடும். காலை மடக்கினால் முட்டி தூணில் இடிக்கும், நீட்டினால் செயலாளர் தடுக்கி விழுவார். அந்த இடுக்கில் உட்கார்ந்தே மனுஷனுக்குத் தலை நரைத்துவிட்டது.

என்னத்தைத்தான் பேசவில்லை அந்த அரங்கில்! தெருநாயைப் பிடிப்பது யார், பிடித்த நாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். மழை நின்றது, பேச்சு நிற்கவில்லை, நாயும் போகவில்லை. பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று இரண்டு கவுன்சிலர்கள் சட்டையைப் பிடிக்காத குறை. எரியாத தெருவிளக்குக்கு ஒரு கூட்டம் என்றால், அணையாத தெருவிளக்குக்கு இன்னொரு கூட்டம்.

இதில் எதையும் மைக்காரர் கேட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவர் காதில் விழுவது குரல், பேச்சு இல்லை. யார் மைக்கை விழுங்கப் போகிற மாதிரி நெருங்குகிறார், யார் எட்டி நிற்கிறார், எங்கே கூவும், எங்கே கரகரக்கும், அவ்வளவுதான் அவர் கவலை. வேலைக்கு வந்த புதிதில் கேட்டுத்தான் பார்த்தார். கேட்டால் கோபம் வந்தது. கோபம் வந்தால் விசையில் கை தடுமாறியது. போங்கடா நீங்களும் உங்க பேச்சும் என்று விட்டுவிட்டார்.

பொதுமக்கள் பேசுவதற்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்ததும் விசையை இறக்கிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை, அழுதுகொண்டே பேசிய ஒரு பெரியவருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான், எதிர்த்தரப்புக் கவுன்சிலர் ஒருவர் எழுந்து, "உங்க ஆளுக்கு ஒரு சட்டம், எங்க ஆளுக்கு ஒரு சட்டமா?" என்று ஆடித் தீர்த்துவிட்டார். மைக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். தலைவர் அறைக்கு வெளியே பாதி நாள் நிற்க வைத்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? அன்றிலிருந்து விளக்கு எரியும், கை இறங்கும். பணக்காரன், ஏழை, கிழவர், குமரி, யாராக இருந்தாலும் ஒரே கைதான். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எல்லை விரிவாக்கம் வந்து சேர்ந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பை நகரத்தோடு சேர்ப்பதா, வேண்டாமா என்பது கேள்வி. மைக்காரர் வீடு இருப்பதே அங்கேதான். ஊருக்குள் வேலை, ஊருக்கு வெளியே வீடு. அங்கே குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. தண்ணீர் லாரி வரும் நாளில்தான் துணி துவைப்பார்கள். சேர்த்துவிட்டால் குழாய் வரும், விளக்கு வரும். வரியும் வரும், அதை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஆக மொத்தம் சேர்வதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

ஆனால் நகராட்சி ஒட்டிய வரைபடத்தில் குடியிருப்பின் ஓரத்துப் பொட்டலைச் சுற்றி ஒரு கோடு போட்டு, 'திடக்கழிவு வளாகம்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல தமிழில் சொன்னால் குப்பைமேடு. ஊரின் பழைய குப்பைமேடு ராப்பகலாகப் புகைந்துகொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். அது நிரம்பி வழிகிறது, இடம் தேடுகிறார்கள். தேடிய இடம் மைக்காரர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, நடுவில் ஒரு முள்கம்பி வேலி மட்டும். மைக்காரருக்கோ இளைப்பு. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினாலே நெஞ்சு விசிலடிக்கும். அங்கே புகைய ஆரம்பித்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் உலகத்தை விட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்காரி வாசலில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். "சேர்த்துக்கட்டும், நான் வேணாங்கல. குப்பையை வேற எடத்துல கொட்டட்டும். இந்த ஒண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாள். ஆட்களும் திரண்டார்கள். யார் போய்ப் பேசுவது என்று வந்தபோது எல்லா விரலும் இவளைத்தான் காட்டின.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும்ல. பூசாரி உங்க வீட்டுலயே இருக்காரு. உங்களுக்குன்னா கூட ரெண்டு நிமிஷம் விட மாட்டாரா?" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் கடையை மூடிவிட்டு, ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியை மைக் மாதிரி முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிப் பழகினாள். மைக்காரர் கட்டிலில் கிடந்தார். அன்றைக்குப் பட்ஜெட் கூட்டம். நாள் முழுக்கக் கத்தல். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏங்க, கேக்கறீங்களா?"

"ம்."

"அக்கா கூட ரெண்டு நிமிஷம் கேக்கச் சொன்னாங்க. எனக்கு வேணாம். நான் மூணுக்குள்ளயே முடிச்சிடுவேன். ஆரம்பிக்கட்டுமா?"

"ம்."

ஆரம்பித்தாள். முதலில் வணக்கம், பிறகு தண்ணீர், பிறகுதான் குப்பை. "எப்படி இருக்கு?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

"குரலை இறக்கிப் பேசு. மைக்குல கூவும்" என்றார். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. தூங்கிவிட்டார்.

இங்கேதான் எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரம் வருகிறது. மூன்று நிமிடத்துக்குள் பேச வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. முக்கால்வாசி நேரத்தை வணக்கத்திலும் முன்கதையிலும் கரைத்துவிட்டு, கேட்க வந்ததை வாலில் வைப்பார்கள். வால் அறுபட்டுப் போகும். எத்தனை வாலை இவர் கையாலேயே அறுத்திருக்கிறார்! "வந்த விஷயத்தை முதல்ல சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத் தெரியாமல் இல்லை. அசதி. பாழாய்ப்போன அசதி.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. முதலில் நாய். அப்புறம் கழிப்பறைச் சாவி. சந்தைக்குள் லாரி நிறுத்தலாமா என்று அரை மணி. கவுன்சிலர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது எல்லை விரிவாக்கம் வந்தது. "அந்தப் பக்கத்து ஜனங்க சார்பா ஒருத்தர் பேசலாம்" என்றார் தலைவர்.

வீட்டுக்காரி எழுந்து வந்தாள். மைக்காரர் போய் ஸ்டாண்டை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அவள் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கி ஒருவரை விடாமல் வணக்கம் சொன்னாள். விட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று பயம், பாவம். மைக் லேசாகக் கூவப் பார்த்தது. மைக்காரர் விசையை மயிரிழை இறக்கினார். அடுத்து தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். லாரி வராத நாளில் குடத்தோடு பாலம் தாண்டி நடப்பதைச் சொன்னாள். அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மைக்காரருக்கும் ஒரே ஆச்சரியம். எங்கே வைத்திருந்தாள் இந்தக் குரலை! கூவல் இல்லை, கரகரப்பு இல்லை, கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று போகிறது. பெட்டியில் கீச்சைக் கொஞ்சம் குறைத்து, கனத்தைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் நன்றாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குரலை அந்தப் பெட்டி கண்டதில்லை. மனுஷன் கண்ணை மூடிக்கூட ரசித்தார்.

கண்ணைத் திறந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. கை இறங்கியது.

யோசித்து இறக்கவில்லை. சட்டம், நியாயம் என்று எதையும் எடை போடவுமில்லை. கொசு கடித்தால் கை தானாகப் போகிறதே, அப்படிப் போய் இறக்கிவிட்டது. ஸ்டாண்டுக்கு முன்னால் அவள் வாய் மட்டும் அசைந்தது. மின்விசிறிச் சத்தத்தில் முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"நன்றிம்மா, நேரம் முடிஞ்சுது. உட்காருங்க" என்றார் தலைவர்.

அவள் தூணின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. மின்சாரம்தான் போய்விட்டதோ என்று பார்க்கிற பார்வை. பெட்டியில் மற்ற விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. போய் உட்கார்ந்தாள்.

"அந்தம்மாவே தண்ணி வேணும்னு எவ்வளவு உருக்கமா கேட்டாங்க! ஜனங்களே வரவேற்கறாங்க, அப்புறம் நாம எதுக்கு யோசிக்கணும்? திட்டத்துல இருக்கற மாதிரியே சேர்த்துடலாம்" என்றார் ஒரு கவுன்சிலர்.

"ஆட்சேபணை எதுவும் வரலையே?" என்று தலைவர் கேட்டார்.

"வரலை. வரவேற்புன்னு குறிச்சிருக்கேன்" என்றார் செயலாளர்.

இந்தப் பேச்சு மட்டும் மைக்காரர் காதில் விழுந்தது. எழுந்தார். முட்டி தூணில் இடித்தது. அரங்கத்தில் இருந்த அத்தனை மைக்கும் அவர் கைக்கடியில்தான் இருந்தன. அவர் பேச ஒன்றுகூட இல்லை. தலைவர் அவரைப் பார்த்து, "என்ன மைக்காரரே, எதாவது ரிப்பேரா?" என்றார்.

"இல்லைங்க" என்றார் அவர். உட்கார்ந்தார். கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். வரைபடம், கோடு, பொட்டல், எல்லாம் சேர்ந்து நிறைவேறியது. மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் மைக்கில் அதிராமல் இருக்க அவர் எல்லா விசைகளையும் பாதிக்கு இறக்கினார்.

வெளியே வந்தபோது அவள் சைக்கிள் நிறுத்தத்தில் தனியாக நின்றாள். கூட வந்தவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். அடுத்த வீட்டு அக்கா இவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். இரண்டு பேரும் நடந்தார்கள். அவர் சைக்கிளைத் தள்ளினார். ஏதாவது பேச வேண்டுமே என்று கடைத்தெரு தாண்டும் வரைக்கும் தவித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"உன் குரல் இன்னைக்கு ரொம்ப நல்லா விழுந்துச்சு. ஒரு கூவல் இல்ல. கடைசி வரிசை வரைக்கும் போச்சு."

"அப்படியா?" என்றாள் அவள். கொஞ்ச தூரம் நடந்தாள். "என்ன சொன்னேன்?"

"தண்ணி லாரி..."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். குரல் அப்படியே காதில் இருந்தது. ஏற்றம், இறக்கம், எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே கொஞ்சம் தழுதழுத்தது, எல்லாம் இருந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"வெளக்கு எரியறப்போ என்ன சொல்லிட்டிருந்தேன்? அதையாவது சொல்லுங்க. நேத்தும் வீட்டுல சொன்னேனே."

கால்வாய்ப் பாலத்து ஏற்றம் வந்துவிட்டது. அவருக்கு நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. சைக்கிளை நிறுத்திக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்.

"தெரியலம்மா. கேக்கல. சத்தியமா நான் கேக்கவே இல்ல."

அவள் சண்டை போடவில்லை. மைக்காரரே என்று கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"உங்களைப் பத்தித்தாங்க சொல்லிட்டிருந்தேன்" என்றாள். பிறகு பின்னால் போய், கேரியரில் இரண்டு கையையும் வைத்து, சைக்கிளை ஏற்றத்தில் தள்ளத் தொடங்கினாள்.