முதலில் உடைந்தது, பிறகுதான் விழுந்தார்

பெருமையை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுதவே வராது.

பெரிய பேரன் தினேஸ் கூலிம் ஃபேக்டரியில் இன்ஜினியர். அவன் தங்கை ரூபிணி ஜித்ராவில் டீச்சர். கடைக்குட்டி கவின், பாடாங் செராய் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு... அந்தக் கப் என் டிவிக்கு மேலேதான் இருக்கிறது. மகள் வயிற்றுப் பேத்தி ஷாலினிக்குச் சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ஆபீசில் வேலை. டாக்டர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய கோட் நம்பரைப் போடுகிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி!

அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இது.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வெயிலில் ரப்பர் கொட்டை வெடிக்குமே, 'டக்' என்று... அதே சத்தம்.

மூன்று வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரர் பாத்ரூமில் பல் விளக்கிவிட்டுத் திரும்பினார். டக்! அதற்கப்புறம்தான் சாய்ந்தார். துண்டோடு வாசலிலேயே நின்ற நான் எல்லாவற்றையும் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொடை வலி என்று முனகிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் புராஸ்டேட்டில் கேன்சர் வந்து, பினாங்கில் வைத்தியம் பார்த்து, ஒருவழியாக முடிந்தது என்று மூச்சுவிட்டிருந்தோம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எமர்ஜென்சி கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், "ஜாத்து கா, ஆண்டி?" விழுந்தாரா என்று.

நானும் வாய் கூசாமல், ஆமாம், பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று மலாயில் சொல்லிவிட்டேன். கேன்சர் பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? சின்ன வயதில் ரப்பர் எஸ்டேட்டில் கற்ற பாடம். அங்கே மருந்து கொடுக்கும் டிரசரிடம் போய் "வலிக்குதுங்க" என்றால் இரண்டு வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்து, "போ, மரம் சீவப் போ" என்பார். "விழுந்துட்டேங்க" என்றால்தான் பெஞ்சில் உட்காரவைத்துக் காலைத் தொட்டுப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். அதனால் என் அம்மா, நான், பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா... எல்லாரும் விழுந்தோம். முதுகு வலித்தாலும் விழுந்தோம்.

சாயந்திரம் வேலை முடிந்து ஷாலினி வந்தாள். கட்டிலில் மாட்டியிருந்த தாளைப் படித்தாள். முகம் மாறியது.

"பாட்டி, கேன்சர்னு ஒரு வார்த்த இல்லையே! சொல்லலயா?"

"அதுக்கும் காலுக்கும் என்னாடி? விழுந்தாரு, ஒடைஞ்சிச்சி."

"விழுந்து ஒடைஞ்சிச்சா, ஒடைஞ்சி விழுந்தாரா?"

"எல்லாம் ஒண்ணுதான லா!"

"ஒண்ணு இல்ல லா, பாட்டி!"

விழுந்து உடைந்த எலும்புக்கு 'எஸ்' என்று ஆரம்பிக்கும் கோடாம். கேன்சர் அரித்து உடைந்ததற்கு 'எம்'மாம். டாக்டர் எழுதாமல் இவளாக மாற்றக் கூடாதாம். சில டாக்டர்கள் ஒரு பக்கத்தில் கேன்சர், இன்னொரு பக்கத்தில் முறிவு என்று எழுதி, இதனால்தான் அது என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்களாம். இவள் கேள்வி எழுதி டாக்டருக்கே திருப்பி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்துக் கிடப்பாளாம்.

"யார் யார் தாத்தாவுக்கோ கேள்வி எழுதறேன். எங்க தாத்தா பேப்பர்ல நீங்களே தப்பா எழுத வச்சிட்டீங்களே! கேன்சர்னா அந்தக் கால்லயும் இருக்கலாம் பாட்டி. தெரியாட்டி யாரும் தேட மாட்டாங்க. அப்புறம் அதுவும் ஒடையும்."

போர்வையை விலக்கி அவருடைய மற்றக் காலைப் பார்த்தேன். இன்னொரு கால்...

மறுநாள் காலை ரவுண்டு வந்த சீன டாக்டரம்மாவிடம், நான் பொய் சொன்னேன், அவருக்குக் கேன்சர் இருந்தது என்றேன். பேனாவை நிறுத்தினார். எது முதலில் என்று கேட்டார்.

"பாத்தா டூலு, டாக்டர்." உடைந்ததுதான் முதலில்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடைந்த காலுக்குச் செய்யவிருந்த ஆபரேஷனைத் தள்ளிவைத்து, உடம்பு முழுக்கப் படம் எடுக்கச் சொன்னார். நல்ல கால் என்று நாங்கள் நினைத்த காலிலும் எலும்பில் ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அது உடைவதற்குள் அதற்கும் நீளமாக ஒரு கம்பி வைத்தார்கள். பிறகு ரேடியேஷன்.

கால் தப்பியது. என் பாத்ரூம்தான் தப்பவில்லை!

டாக்டரம்மா திருத்தி எழுதினாலும் அந்த முதல் தாள் சாகவில்லை. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம். உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர், தரையை எப்படித் துடைப்பது என்று அரைமணி நேரம் பேசினார். மருமகன் பாத்ரூம் சுவரெல்லாம் துளைபோட்டுப் பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வழுக்காமலிருக்க நாலு ரப்பர் பாய் கொண்டுவந்தார்கள். நாலு!

அஞ்சலை அக்கா ஐந்தாவது பாயோடு வந்து, "ஏண்டி, பாத்ரூம கழுவவே மாட்டியா?" என்றது. தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கிற என்னைப் பார்த்து!

"நீயும் நானும் டிரசர்கிட்ட எத்தன தடவ விழுந்தோம், மறந்திட்டியா?" என்றேன். அக்கா பாயைத் திரும்பச் சுருட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் டிரசர் எழுதிய நோட்டை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. நம் பொய் அந்தப் பக்கத்தோடு போயிற்று. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் அது நமக்கு முன்னால் போய் ஒவ்வொரு கவுண்டரிலும் உட்கார்ந்திருக்கிறது. எரிச்சல்தான்...

ஆனால் என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மாதக்கணக்காக இடுப்பு வலி என்றவள், ஒருநாள் அடுப்படியில் விழுந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. விழுந்து உடைந்ததா, உடைந்து விழுந்தாளா? நோட்டில் 'விழுந்தாள்' என்றுதான் இருந்திருக்கும். கேட்பதற்கு அன்றைக்கு ஒரு ஷாலினி இல்லை.

ஷாலினி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் தாத்தா கட்டிலில் கிடக்கிற படம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் பாத்ரூமைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து புதிதாக ஒன்று எடுத்துப் போடு. இரண்டு காலும் தெரியவேண்டும். எத்தனை நாளைக்கு நிற்பாரோ... இன்றைக்கு வாசலில் குச்சியில்லாமல் நிற்கிறார். நிற்கும்போதே வந்து எடு, கண்ணு.