குமரன் எழுதிய சட்டசபை

கீழே காப்பிக்கடையில் கொட்டை வறுக்கும் வாசனை மாடிப்படியேறி வந்துவிடும். மேலே எங்கள் அறையில் சூடேறிய கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் வாசனை. இரண்டும் கலந்து ஒரு மணம்...

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் வேலை பார்த்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மணம்தான்.

அது ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. டைப்பிங் முடித்த பெண்களும் வேலை தேடும் பையன்களும் வருவார்கள். சொல்லிக்கொடுக்க நானும் குமரனும். நான் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவன் பாரிட் புந்தார்க்காரன். இருவருக்கும் ஒரே வயது, எந்நேரமும் ஒரே பசி.

வகுப்பு இல்லாத நேரத்தில் குமரன் ஒரு கேம் எழுதிக்கொண்டிருந்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆடுபவர்தான் நாட்டுக்கு ராஜா. வரி போடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம், பக்கத்து நாட்டோடு சண்டைக்குப் போகலாம். அந்தச் சண்டைக் காட்சியை வரையவே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தான்.

பினாங்கில் கேம் விற்கும் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் குமரனுக்கு இதுவே தொழில். இல்லாவிட்டால் அவன் அப்பா பார்த்து வைத்திருந்த நில அலுவலக வேலை.

முதலில் மாணவர்களிடம் ஆடக் கொடுத்தோம். ஒரே மாலையில் எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள். மறுநாள் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. குமரனுக்கு முகமே வாடிவிட்டது.

"ஏன் லா? நல்லாத்தானே இருக்கு?"

"ராஜா சொன்னா உடனே நடந்துடுது குமரன். எந்த ஊருல அப்படி நடக்குது?"

"கேம்தானே ஸ்டெல்லா..."

அப்போதுதான் எங்கள் தோட்டத்து பஸ் கதையைச் சொன்னேன். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கட்டும் என்று பாதிப்பேர். கடைக்கு எதிரே நிற்கட்டும் என்று மீதிப்பேர். கத்தி, கோபித்து, சமாதானமாகி, கடைசியில் கை தூக்கிப் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்தார்கள். பஸ் கம்பெனியும் சரி என்றது. மறுநாள் காலை எல்லாரும் பள்ளிக்கூடத்து வாசலில் காத்திருக்க, பஸ் போய் நின்றது கடைக்கு எதிரே! டிரைவருக்கு அங்கேதான் நிழல், அங்கேதான் தேத்தண்ணி.

"தீர்மானம் போட்டா போதுமா? டிரைவரு கேக்கணுமே!"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்போ சட்டம் போடறது ஒண்ணு, அது நடக்கறது வேற ஒண்ணு... ரெண்டயும் தனித்தனியா எழுதணும். வா, உக்காரு."

அன்றிலிருந்து நாங்கள் ஒரு சட்டசபை கட்ட ஆரம்பித்தோம். லூமுட் பக்கத்து மீனவர் மாதிரி ஓர் உறுப்பினர்: படகுத்துறையைச் செப்பனிடாமல் எதற்கும் கை தூக்கமாட்டார். நெல் வயல்காரர் ஒருவர்: படகுத்துறைக்கு மட்டும் செய்துவிட்டு வாய்க்காலை மறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ராஜா ஒவ்வொருவரிடமும் பேசி ஆள் சேர்க்க வேண்டும். சட்டம் நிறைவேறிய பிறகும் அதிகாரிகள் மனம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மெமரி நிறைந்துவிட்டது. எதையாவது எடுத்தால்தான் சட்டசபை உள்ளே நுழையும். எடுக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக இருந்தது சண்டைக் காட்சி ஒன்றுதான்.

"வேணாம் குமரன். அந்தப் பினாங்குக்காரரு அதைத்தான் கேப்பாரு."

அவன் கம்ப்யூட்டரை மறுபடி போட்டுச் சண்டைக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். பிறகு, "எது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியுது லா," என்று சொல்லிவிட்டு, தானே அழித்தான்.

பினாங்குக்காரர் ஒரு சனிக்கிழமை வந்தார். கொஞ்ச நேரம் ஆடினார். "சண்டை எங்கே?" என்று மலாய் மொழியில் கேட்டார். இல்லை என்றதும் கைகுலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். குமரன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் அவனோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்துபோன நாற்காலியில் டைப்பிங் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பின்னால் வகுப்பே நின்றது.

"மீன்காரர மொதல்ல பாரு அக்கா!"

"ஐயோ, அவர விட்டுடு! வயக்காரரு கோவிச்சுக்குவாரு!"

எங்கள் சீன முதலாளி, "மக்கான் டுலு லா!" என்று சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரும் வந்து நின்றுகொண்டு, வரியைக் குறைக்கச் சொல்லி யோசனை கொடுத்தார்!

குமரன் என் பக்கம் திரும்பினான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் அவன் நில அலுவலகத்துக்கே போனான். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஒருமுறை போனில், "நம்ம கேம்ல அதிகாரிங்கள ரொம்ப வேகமா ஓட வெச்சுட்டோம் ஸ்டெல்லா," என்றான். அவ்வளவு சிரித்தோம்...

இப்போது வரும் கேம்களில் கட்சி உண்டு, தேர்தல் உண்டு, கருத்துக்கணிப்புகூட உண்டு. என் மருமகள் அப்படி ஒன்றை ஆடுகிறாள். நாங்கள் கனவுகூடக் காணாத அழகு. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, தனியாக, சத்தமே இல்லாமல் ஒரு நாட்டையே ஆண்டுகொண்டிருப்பாள். பார்க்கும்போது, பின்னால் நாலு பேர் நின்று கத்தினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்.

போன வாரம் வாயை அடக்க முடியவில்லை. "வரிய ஏத்தாதே மா," என்று சொல்லிவிட்டேன்.

அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். "உக்காருங்க அத்தே. ஏன் ஏத்தக்கூடாது? சொல்லுங்க பாப்போம்."

சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். அவளும் விடவில்லை.

அந்த வரி மசோதா எங்கள் வீட்டில் இன்னும் நிறைவேறவில்லை.