அப்பாவின் பெயர் பெறவிருந்த வண்டு

பாறசாலை, செங்கல் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அப்பா மரம் அறுக்கும் மில் ஒன்று நடத்துகிறார். அவருடைய வாழ்நாள் எதிரி வண்டு. தேக்கோ அயினியோ, அடுக்கிவைத்த பலகையில் குண்டூசித் துளையும் அதனடியில் மாவு போன்ற மரத்தூளும் கண்டால் அன்று யாரும் அவர் பக்கத்தில் போக முடியாது. அவருடைய மகளான நான் வண்டுகளைப் படிக்கப் போனேன். அதிலும் பூண்டோடு அழிந்துபோன வண்டுகள். அழிந்தவை என்று தெரிந்த பிறகுதான் அப்பா சம்மதித்தார்.

நான் பார்க்கும் வண்டுகள் ஏறக்குறைய இருபத்தெட்டுக் கோடி ஆண்டு முந்தியவை. அப்போது பூ இல்லை, பறவை இல்லை, தென்னை இல்லை. இன்றைய வண்டின் முதுகில் இருப்பது கெட்டியான ஓடு. ஆதி வண்டுக்கோ மேல்சிறகு ஓடாகியும் ஆகாமலும் இருந்தது. நரம்புகள் அப்படியே தெரியும். அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், கிறிஸ்துமஸுக்கு அம்மை அச்சில் முக்கிச் சுடும் அச்சப்பத்தின் கண்கள் மாதிரி. பல இனங்களுக்கு உடல் கிடைப்பதில்லை, கல்லில் ஒற்றைச் சிறகுதான் மிஞ்சியிருக்கும். அதன் நரம்பையும் குழிகளையும் ஒப்பிட்டு, இது இந்தக் குடும்பம், அது அந்தக் குடும்பம் என்று பிரிப்பது என் வேலை. முதல்முதலில் அப்படியொரு சிறகைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நாள் கண்ணும் கலங்கிவிடும்.

சென்ற ஆண்டு தூர தேசத்து அருங்காட்சியகம் ஒன்று அனுப்பிய படங்களில், எந்தக் குடும்பத்திலும் அடங்காத ஒரு சிறகு இருந்தது. புதிய இனம் என்று முடிவுசெய்தேன். முதலில் விவரித்து எழுதுகிறவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. அப்பாவின் பெயரை வைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"மரத்தைத் திங்குத பூச்சிக்கு ஒங்க பேரா? நல்ல பொருத்தமாக்கும்," என்று அம்மை சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் நல்ல காரியம் எதுவானாலும் ஸ்தோத்திர ஜெபத்தில் சேர்ந்துவிடும். அடுத்த வாரம் ஒருவரின் பேரக்குழந்தைக்கும் இன்னொருவரின் புதுவீட்டுக்கும் நடுவே, அப்பாவின் வண்டுக்காகவும் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். அப்பா சொன்ன 'ஆமென்' பெண்கள் பக்கம் வரை கேட்டது. அதன்பிறகு பலகை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதே கதைதான்.

கட்டுரையை அனுப்புமுன் பழைய பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, வேறொரு நாட்டு அருங்காட்சியகத்தில், வேறொரு குடும்பத்தில் சேர்த்து முன்பே பெயரும் வைத்துவிட்டிருந்த ஒரு சிறகின் படம் வந்தது. என் சிறகில் மேடாக இருந்த நரம்புகள் அதில் பள்ளம். பள்ளமாக இருந்த குழிகள் அதில் மேடு. சம்பந்தமே இல்லை என்று தள்ளப் போனேன். அப்போதுதான் ஓரத்தில் இருந்த கிழிசலைக் கண்டேன். என் சிறகிலும் அதே கிழிசல் உண்டு, ஆனால் எதிர்ப்பக்கத்தில்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். மில்லில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு மரத்தடியை நடுவே அறுத்துப் புத்தகம் போல விரித்தால், ஒரே கணு இரண்டு பலகையிலும் எதிரெதிரே நிற்கும். அறுக்குமுன் அப்பா தடியின் வெட்டுமுகத்தில், அறுவை போகும் இடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பிரிந்த பிறகு பலகைக்குப் பாதிக் கோடு இருப்பதால் இரட்டைக் கதவுக்கு ஜோடி மாறாது. இந்தக் கல்லைப் பிளந்தவர்கள் கோடு எதுவும் இழுக்கவில்லை. சிறகு ஒரு பாதியிலும் அதன் அச்சு மறுபாதியிலும் ஒட்டிக்கொண்டு இரண்டு நாடுகளுக்குப் போய், எங்கள் துறைக்காரர்கள் கையில் இரண்டு இனங்களாகிவிட்டன. அது ஒரே பூச்சி. என் பாதியில் உடைந்துபோயிருந்த அடிப்பகுதி மற்றதில் முழுதாக இருந்தது. அத்தனை கோடி ஆண்டு ஒன்றாகக் கிடந்தது பிரிந்து, மறுபடி என் மேசையில் சேர்ந்திருக்கிறது.

பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. ஓர் உயிருக்கு முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அது எங்கள் விதி. இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்செடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பம் எனக்க பேரு வராதா?"

"இல்லப்பா. பழைய பேருதான் நிக்கும்."

எனக்கு அந்த 'ஆமென்' காதில் கேட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே உயிரா மக்கா?"

"ஆமாப்பா."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். தாளைத் தேக்குத் தடியின்மேல் விரித்து, ஒரு படத்திலிருந்து மற்றதற்குக் குறுக்கே ஒரே இழுப்பாகக் கோடு போட்டார்.

"இனி யாரும் ஜோடி மாத்தப்பிடாது," என்று சொல்லித் தாளை என் கையில் தந்தார்.