கண்ணாடிக்காரரின் தக்கை

கண்ணாடிக்காரர் கடை வாசலில் வந்து நின்றால், எதிர்ப்பக்கம் போகிற அத்தனை பேருக்கும் கையாட்டுவார். தெரிந்தவர்களுக்கு, தெரியாதவர்களுக்கு, ஒருமுறை தையல் கடைக் கதவில் காயப்போட்டிருந்த மழைக்கோட்டுக்கும். பஸ் வந்தால் ஒரு பஸ்ஸையும் விடமாட்டார். எதை அவருடைய மச்சினன் ஓட்டிக்கொண்டு வருகிறானோ, யார் கண்டது? மற்ற டிரைவர்களும் பாவம், பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள். என்ன பிரியமான மனுஷன் என்று தெருவே மெச்சியது. எதிர்ப்பக்கம் நிற்பவரின் மூக்கும் முழியும் அவருக்குக் குழைந்துபோய்த் தெரிகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவர் வருஷம் தவறாமல் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்கிறவர்.

கடைக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்துப் பலகை. மேலே பூசணிக்காய் அளவில் ஒரு எழுத்து, அதற்குக் கீழே வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போய், ஏழாவது வரியில் எறும்பு அளவில் ஏழு எழுத்து. வருஷத்துக்கு ஒரு நாள் கண்ணாடிக்காரர் அந்த நாற்காலியில் கம்பீரமாக உட்காருவார். அவர் மனைவி பலகைப் பக்கத்தில் நின்று குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடுவாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் மேலிருந்து கீழே மடமடவென்று ஒப்பிப்பார். ஒரு தடங்கல் கிடையாது. முப்பது வருஷமாக நாளைக்குப் பத்துப் பேர் வந்து அதே பலகையைப் படிக்க, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஆயிற்றே! தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவார். கண் படிக்கிறதா, வாய் படிக்கிறதா என்று அவரும் யோசிக்கவில்லை, குச்சி பிடித்த அம்மாளும் யோசிக்கவில்லை.

போதாக்குறைக்கு, ஐம்பத்தெட்டு வயதில் வெறுங்கண்ணால் பேப்பர் படிப்பார். கடுகு மாதிரி இருக்கிற திருகாணியைக் கண்ணாடிச் சட்டத்தில் முடுக்குவார். அந்த வயதில் கிட்டத்துப் பார்வை திடீரென்று இப்படிப் பளிச்சென்று ஆனால், தூரத்துப் பார்வை கழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு யாராவது வந்து இப்படிப் பெருமையடித்திருந்தால் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். தனக்கு வந்தபோது மட்டும், பரம்பரை உடம்பு அப்படி என்று சொல்லிக்கொண்டார்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மனுஷர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றுக்குப் போய் வரிமீன் பிடித்தார். புத்தகத்தில் பெர்ச் என்று போட்டிருக்கும். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை ஓடும், முதுகில் முள் துடுப்பு விறைத்து நிற்கும், கவனமில்லாமல் பிடித்தால் கையைப் பதம் பார்த்துவிடும். பாலத்துத் தூண் ஓரமாகக் கூட்டமாக நிற்கும். பேராசை பிடித்த மீன். மண்புழுவைக் கண்டால், மேலே மிதக்கிற தக்கையை இரண்டு தடவை தலையாட்ட வைக்கும், மூன்றாவது தடவை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அந்த நொடியில் தூண்டில் கம்பைச் சுண்டினால், புழு கோத்த முள் அதன் உதட்டில் மாட்டும். அசந்துவிட்டால் புழுவோடு முள்ளையும் வயிற்றுக்குள் விழுங்கிவிடும். அப்புறம் அதைக் கொல்லாமல் எடுக்க முடியாது.

கூட வருகிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. பஸ் டிரைவர். ஆறு நாள் ஹாரனும் சண்டையுமாகக் கேட்டுக் காது புளித்துப்போய், ஏழாவது நாள் ஆற்றங்கரையில் வாயையே திறக்காத ஆள். பத்தொன்பது வருஷமாக ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கண்ணாடிக்காரர் பேசுவார், அவன் கேட்பான். கடையில் அவர் சொல்வதை மனைவி கேட்பதில்லை, வீட்டில் யாருமே கேட்பதில்லை. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை இறக்கி வைக்க அவருக்கு உலகத்தில் அந்த ஒரு கல்தான் இருந்தது. அவன் என்றால் அவருக்கு உயிர். இதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மண்புழு தோண்டுவது இவர் வேலை. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஈரமண்ணில் எடுத்து, நனைத்த பேப்பரும் சருகும் போட்ட டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் வயிற்றில் உள்ள மண்ணையெல்லாம் கழித்துவிட்டுப் புழு விறுவிறுப்பாகும். தக்கை செய்வது மச்சினன் வேலை. பாட்டில் கார்க் மூடியைச் செதுக்கி, சிவப்பு வர்ணம் அடித்து, வருஷத்துக்கு ஒன்று புதிதாகக் கொண்டுவந்து மாமாவின் தூண்டில் நரம்பில் கோத்துக் கொடுப்பான். கொஞ்சம் பெருசா இருக்கே என்று ஒரு தடவை இவர் கேட்டதற்கு, இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றான். அதற்குமேல் இவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமாக இருவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. மச்சினன் கைக்கு ஒரு சாண் இல்லாத மீன் உயிரோடு ஆற்றுக்கே திரும்பிப் போகவேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அதை மீறியதில்லை.

இந்த வருஷம் கண்ணாடிக்காரர் பிடித்த குட்டி மீன் ஒன்றுகூட உயிரோடு திரும்பவில்லை. ஒவ்வொன்றும் முள்ளை அடிவயிற்றில் விழுங்கிவிட்டு வந்தது. தக்கை முங்கி, நரம்பு இறுகி, கம்பு நுனி வளைந்த பிறகுதான் இவர் சுண்டினார். இடுக்கியை வைத்து நோண்டி, ரத்தத்தோடு எடுத்துத் தண்ணீரில் விட்டால், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து போகும். மச்சினன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இவர் என்ன செய்தார்? புழுவைத் திட்டினார். மண்புழு ரொம்ப மிருதுவாக இருக்கிறதாம், அதனால்தான் மீன் வழுக்கி விழுங்கிவிடுகிறதாம். எருக்குழியில் சிவப்புப் புழு எடுத்தார். அதுவும் அப்படியே. இறாலை உரித்துப் போட்டார், பொடிமீனைப் போட்டார். கடைசியில் ஈப்புழுதான் சரி என்று முடிவு செய்து, ஒரு கை நிறைய வாங்கி, காலியான மூக்குக்கண்ணாடிக் கூட்டில் குண்டூசியால் ஓட்டை போட்டு அடைத்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கடை மேஜை இழுப்பறையில் வைத்தார். வைத்ததை மறந்தும் போனார். மறுநாள் பாட்டு டீச்சர் கண்ணாடி வாங்க வந்தார். மனைவி இழுப்பறையைத் திறந்து கைக்கு அகப்பட்ட கூட்டை எடுத்து நீட்டினாள். பாட்டு டீச்சர் திறந்து பார்த்தார், நிதானமாக மூடினார், இதே மாதிரி வேறு கலரில் இருக்கிறதா என்று கேட்டார். கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. புழு எதுவும் இனிமேல் கடைப் படியேறக் கூடாது என்று அன்று சாயங்காலம் தீர்ப்பாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்புழுவில் ஒரு குட்டி வரிமீன் மாட்டியது. விரல் நீளம்கூட இருக்காது. கண்ணாடிக்காரர் இடுக்கியை எடுக்க, மச்சினன் மீனைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். ரொம்ப நேரம் முயற்சி செய்தான். அது அவன் உள்ளங்கையிலேயே அடங்கிப் போயிற்று. அவன் கையைக் கழுவினான், தன் நரம்பைச் சுருட்டினான்.

"இனிமே நான் வரலை மாமா. பாக்க முடியலை."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இவர் பின்னாலேயே போய், புழுவை மாற்றிவிடலாம், முள்ளை மாற்றிவிடலாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வீட்டிலேயே இருந்தார். அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடிகாரத்தைக் கழற்றி மாட்டினார். சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்தார், மனைவிக்கு உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஆற்றுக்குத் தனியாகப் போய்விட்டு வாங்களேன் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். தனியாகப் போய் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பேசாத ஆள்தான், ஆனால் அக்கா கேட்டால் பேசுவான். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே மாமாவிடம் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும், அவர் உடனே கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பலகை முழுவதையும் படித்துக் காட்டியதாகவும் சொன்னான். கண்ணாடிக்காரரிடம் ஒரு டிரைவர் அதற்குமேல் என்ன பேசுவது என்று கேட்டான்.

அக்காக்காரி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். கடைப் பீரோ மேலே, கண்ணாடிச் சட்டம் விற்க வருகிறவர் எப்போதோ இனாமாகக் கொடுத்த புது எழுத்துப் படம் சுருட்டியபடி கிடந்தது. பழசு நன்றாகத்தானே இருக்கிறது என்று இவர் பிரிக்கவே இல்லை. மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அதைப் பிரித்தாள். கடைசி மூன்று வரியை மட்டும் கத்தரித்து, பழைய பலகையின் கடைசி மூன்று வரி மேல் பசை தடவி ஒட்டினாள். மேலே இருந்த பெரிய எழுத்துக்களைத் தொடவில்லை. கெட்டிக்காரி.

கடை திறந்ததும், இந்த வருஷச் சோதனையை இன்றைக்கே முடித்துவிடலாமே என்றாள். இவருக்கும் மனசுக்கு ஒரு தெம்பு வேண்டியிருந்தது. உட்கார்ந்தார், இடது கண்ணைப் பொத்தினார், ஆரம்பித்தார். முதல் நான்கு வரி கணீரென்று வந்தது. ஐந்தாவது வரிக்குக் குச்சி இறங்கியது, அதுவும் கணீர். ஆறும் கணீர். ஏழாவதில் எறும்பு எழுத்துக்களைக் குச்சி ஒவ்வொன்றாகத் தொட, "க, வ, ந, ட, ய, ப, ல" என்று முடித்துவிட்டு, கையை எடுத்து, எப்படி என்பது மாதிரி மனைவியைப் பார்த்தார்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"கிட்ட வந்து பாருங்க," என்றாள்.

அவர் எழுந்து வந்தார். பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அங்கே க இல்லை, வ இல்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூட இல்லை. ஒட்டிய ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்த அறையில் எத்தனை பேரிடம், இப்படி அடம் பிடிக்காதீர்கள் என்று கடிந்துகொண்டிருப்பார்!

"அப்போ தப்பு புழு மேல இல்லையா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, முப்பது வருஷம் பார்த்துப் பழகிய வேலையைத் தானே செய்தாள். ஒவ்வொரு வில்லையாக மாற்றி, இது தெளிவா, அது தெளிவா என்று அவர் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள். பெரிய டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சமர்த்தாக இருந்து அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை கண்ணாடி தயாராயிற்று. மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முதலில் வந்த பஸ்ஸுக்கு அவர் கையாட்டவில்லை, அந்த டிரைவருக்கு என்னமோ போலாகிவிட்டது. இரண்டாவதுக்கும் ஆட்டவில்லை. மூன்றாவது பஸ் மூலையில் திரும்பும்போதே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மச்சினன் முகம், அதில் ஒரு வார தாடி எல்லாம் தெரிந்தது. நடுத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். பஸ் நின்றது. மச்சினன் ஜன்னலில் தலையை நீட்டி, மாமாவின் மூக்கையும் மூக்கின் மேல் இருந்ததையும் பார்த்தான். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வரேன் மாமா. இப்போ வழி விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அதே கல். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எடுத்த பழைய மண்புழுவேதான், வாலைத் துடிக்க விட்டு முள்ளில் கோத்தார். இருவரும் வீசினார்கள். கண்ணாடிக்காரர் மூக்கின் மேல் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தார். பாலத்துத் தூணோரம் இரண்டு தக்கை மிதந்தது. மச்சினனுடையது தீக்குச்சி பருமன், நுனியில் ஒரு பொட்டு சிவப்பு. பக்கத்தில் அவருடையது கோழிமுட்டை அளவுக்கு, சிவப்பும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக அடித்து, பொம்மைக் கடையிலிருந்து தவறி விழுந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அளவு என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தார். எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றானே! கரை நெடுகப் பார்த்தார். ஒருவனும் போடவில்லை.

போன வருஷத்தது கொஞ்சம் சின்னது. அதற்கு முந்தையது அதைவிடச் சின்னது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். நாலாவது வருஷத்தில் வந்து நின்றார். பலகையைப் படித்துக் காட்டி அவன் வாயை அடைத்த வருஷம்.

"மாப்ளே," என்றார். மேலே பேச வரவில்லை. அந்தக் கல்லில் அவருக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை.

மச்சினன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தக்கையை எடுத்து நீட்டினான். நுனியில் ஒரு பொட்டு சிவப்பு.

"இதை மாட்டிக்கோங்க மாமா. இதுக்குமேல பெருசு பண்ண என்கிட்ட மூடி இல்லை."